பாஸ்போஜிப்சத்தைச் சுத்தம் செய்து கட்டுமானப் பொருளாக்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

தூத்துக்குடி, எண்ணூர் பக்கம் போனவர்கள் உர ஆலைகளை ஒட்டிச் சாம்பல் கலந்த வெண்மையில் கிடக்கும் குவியல்களைப் பார்த்திருப்பார்கள். அதன் பெயர் பாஸ்போஜிப்சம். பாஸ்பேட் பாறையைக் கந்தக அமிலத்தில் கரைத்துப் பாஸ்பாரிக் அமிலம் எடுக்கும்போது கூடவே விழுகிற கழிவு இது. ஒரு டன் பாஸ்பரஸ் பென்டாக்சைடு (அமிலத்தில் உள்ள பாஸ்பரஸை இந்தப் பெயரில்தான் அளப்பார்கள்) கணக்குக்கு ஏறக்குறைய 5 டன் பாஸ்போஜிப்சம் வெளியே வரும். அதாவது, அமில ஆலை என்று பெயர்ப்பலகை வைத்திருந்தாலும், எடை போட்டுப் பார்த்தால் அது ஜிப்சம் ஆலைதான்.

இதில் பெரும்பகுதி, பெரும்பாலும் 90 சதவீதத்துக்கு மேல், நல்ல கால்சியம் சல்பேட். ராஜஸ்தானின் நாகௌர், பீகானேர் சுரங்கங்களிலிருந்து வரும் இயற்கை ஜிப்சத்தைவிடக் கால்சியம் சல்பேட் அளவில் இது பல நேரம் மேலானது. மீதியிருக்கும் அந்தச் சில சதவீதம்தான் தகராறு செய்கிறது. அமிலம், பாஸ்பேட், ஃபுளோரைடு, கரிமப் பொருள், சோடியம் உப்புகள், கொஞ்சம் ரேடியம் என்ற கதிரியக்கத் தனிமம்.

சுத்திகரிப்பு என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது, "மாசு எத்தனை சதவீதம்?" என்றுதான். அதைவிட முக்கியமான கேள்வி, அந்த மாசு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது. படிகத்தின் மேற்பரப்பில் ஒட்டியிருப்பது தண்ணீருக்குப் போகும். பருமனான துகள்களில் இருப்பது சல்லடைக்குப் போகும். படிகத்துக்கு உள்ளேயே கோத்துக்கொண்டது இரண்டுக்கும் அசையாது, அதற்கு நெருப்பும் சுண்ணாம்பும் வேண்டும். ரேடியம் எதற்குமே அசையாது. இந்த நான்கையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால், தேவையில்லாத வேலையில் பாதியைத் தவிர்க்கலாம்.

சிறிய ஜிப்சம் பிளாக் அல்லது பிளாஸ்டர் தொழில் தொடங்க நினைப்பவர்கள், சாம்பல் செங்கல் ஆலை நடத்துபவர்கள், கட்டடப் பொறியியல் மாணவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். முதலில் 100 கிலோ அளவில் செய்து பார்த்து, அப்புறம் டன் கணக்குக்குப் போவது நல்லது.

படி 1: எதற்குப் பயன்படுத்தப் போகிறோம்?

இதை முடிவு செய்யாமல் தொட்டி கட்டத் தொடங்காதீர்கள். ஒவ்வொரு பயனுக்கும் தேவைப்படும் சுத்தம் வேறு.

சிமென்ட் ஆலை கிளிங்கரோடு (சூளையில் சுட்டெடுத்த சிமென்ட் கட்டி) 3 முதல் 5 சதவீதம் ஜிப்சம் சேர்த்து அரைக்கிறது, சிமென்ட் உடனே இறுகிவிடாமல் இருக்க. அங்கே தொல்லை தருவது கரையும் பாஸ்பேட். சிமென்டில் தண்ணீர் பட்டதும் அது கால்சியத்தோடு சேர்ந்து கிளிங்கர் துகளின் மேலேயே மெல்லிய படலமாகப் படிந்து, இறுகுவதை மணிக்கணக்கில் தள்ளிப்போடும். தொடக்க வலிமையும் குறையும். அதனால் சிமென்டுக்குப் போகும் சரக்கில் கரையும் பாஸ்பேட்டை முடக்கினால் போதும். சாயம், நிறம், கொஞ்சம் கரிமப் பொருள் இதெல்லாம் அவர்களுக்குப் பெரிய பொருட்டில்லை.

சாம்பல், சுண்ணாம்பு, ஜிப்சம் மூன்றும் சேர்த்துச் செய்யும் செங்கல் இன்னும் பொறுமையானது. கலவையிலேயே சுண்ணாம்பு இருப்பதால் அமிலத்தை அதுவே கவனித்துக்கொள்ளும். முதன்முதலாக இறங்குபவர்களுக்கு நான் சொல்வது இந்த வழியைத்தான்.

பிளாஸ்டர், ஃபால்ஸ் சீலிங் போர்டு, தடுப்புச் சுவர் பிளாக் என்று போனால் கதையே வேறு. அங்கே ஜிப்சம்தான் முழுப் பொருளும். அமிலம் இருந்தால் இறுகாது, சோடியம் இருந்தால் சுவரில் உப்புப் பூக்கும், கரிமப் பொருள் இருந்தால் நிறம் மங்கி, தண்ணீரை அதிகம் குடித்து, காய்ந்தபின் பொலபொலவென்று இருக்கும். இந்திய தர நிர்ணயத்தில் இதற்கென்றே ஐ.எஸ். 12679 என்ற தரக்குறிப்பு 1989-ல் வந்தது. அதன்படி பாஸ்பரஸ் பென்டாக்சைடும் ஃபுளோரைடும் தலா 0.4 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, கரிமப் பொருள் 0.15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வாங்குபவர் எந்தப் பதிப்பின்படி கேட்கிறார் என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

அனுமதி பற்றி ஒரு வார்த்தை. 2016-ம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகள், பறக்கும் சாம்பல், அலுமினிய ஆலைகளில் விழும் சிவப்புச் சேறு ஆகியவற்றோடு பாஸ்போஜிப்சத்தையும் 'அளவில் அதிகம், விளைவில் குறைவு' என்ற வகையில் வைத்து அபாயகரக் கழிவுப் பட்டியலிலிருந்து விலக்கியிருக்கின்றன. அதனால் எதுவும் கேட்காமல் லாரியில் ஏற்றலாம் என்று பொருளில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இதைக் கையாளத் தனி வழிகாட்டுதல் வைத்திருக்கிறது. மாநில வாரியத்தின் இசைவு இல்லாமல் கழுவும் தொட்டி போடுவது பின்னால் பெரிய வம்பில் முடியும்.

படி 2: சரக்கின் பிறப்பை விசாரியுங்கள்

விற்பவரிடம் மூன்று கேள்விகள். பாறை எங்கிருந்து வந்தது? ஆலை எந்த முறையில் ஓடுகிறது? குவியலில் எந்தப் பக்கத்துச் சரக்கு?

பாறை முக்கியம், ஏனென்றால் ரேடியமும் கரிமப் பொருளும் பாறையோடு வருபவை. மொராக்கோ, ஜோர்டான், டோகோ, ஃபுளோரிடா பாறைகள் கடலடிப் படிவுகள். அவற்றில் யுரேனியமும், அதன் வாரிசான ரேடியமும் கூடுதல். ரஷ்யாவின் கோலா, தென் ஆப்பிரிக்காவின் ஃபலபோர்வா பாறைகள் எரிமலைக் குழம்பு இறுகி உண்டானவை. அவற்றில் இது மிகக் குறைவு. நம் ஆலைகள் பெரும்பாலும் பல நாட்டுப் பாறைகளை மாற்றி மாற்றி இறக்குமதி செய்கின்றன. ஆகவே இந்த மாதச் சோதனை முடிவை அடுத்த ஆண்டுச் சரக்குக்குப் பயன்படுத்த முடியாது.

முறை ஏன் முக்கியம் என்பதற்கு ஜப்பானைப் பார்க்கலாம். அங்கே இயற்கை ஜிப்சம் அரிது, போர்டு தொழிலோ பெரியது. அதனால் அவர்கள் கழிவைப் பிறகு கழுவுவதை விட்டுவிட்டு, அமில ஆலையின் ஓட்டத்தையே மாற்றினார்கள். ஜிப்சத்தை முதலில் ஹெமிஹைட்ரேட்டாக (படிகத்துக்குள் தண்ணீர் குறைந்த வடிவம்) உண்டாக்கி, அதே ஆலைக்குள் திரும்பக் கரைத்து டைஹைட்ரேட்டாக (தண்ணீர் முழுதும் உள்ள சாதாரண ஜிப்சம்) படிகமாக்கினால், படிகத்துக்குள் மாட்டிய பாஸ்பேட் வெளியே வந்து அமிலத்தோடு சேர்ந்துவிடும். அமிலமும் கூடக் கிடைக்கும், ஜிப்சமும் சுத்தமாகும். பெல்ஜியத்தில் எஞ்சிஸ் ஊரில் உள்ள ப்ரேயான் ஆலையின் ஜிப்சம் பிளாஸ்டருக்கும் போர்டுக்கும் போவதும் இதே வகை இரட்டைப் படிகமாக்கலால்தான். உங்களுக்குச் சரக்கு தரும் ஆலை சாதாரண டைஹைட்ரேட் முறையில் ஓடினால், படிகத்துக்குள் இருக்கும் பாஸ்பேட் உங்கள் தலையில் விழும் வேலை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

மூன்றாவது கேள்வி, குவியலில் எந்தப் பக்கம். பல வருட மழை வாங்கிய மேல்தோலில் அமிலம் குறைந்திருக்கும். இரண்டு அடி உள்ளே போனால் நேற்று கொட்டியதைப் போலப் புளிப்பாக இருக்கும். மேலே சுரண்டி எடுத்த மாதிரியைக் காட்டி விலை பேசுபவர்கள் உண்டு, கவனம்.

மாதிரி எடுக்கும்போது துளைக்கருவியால் பல இடங்களில், பல ஆழங்களில் எடுத்து, எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக் கூம்பாகக் குவியுங்கள். அதை நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பாகங்கள் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு, மறுபடி கலந்து மறுபடி பிரியுங்கள். 2 கிலோ அளவுக்கு வரும்வரை இப்படிச் செய்தால் போதும். ரப்பர் கையுறை, கண்ணாடி, தூசி முகமூடி மூன்றும் கட்டாயம். இது அமிலம் தோய்ந்த பொருள்.

படி 3: கழுவுவதற்கு முன் சோதனை

கையில் உள்ள எளிய கருவிகளிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

10 கிராம் மாதிரியை 100 மில்லி காய்ச்சி வடித்த நீரில் கலக்கி அரை மணி நேரம் கழித்துப் பி.எச். அளவு பாருங்கள். 2 முதல் 4-க்குள் காட்டினால் அமிலம் இன்னும் முழுதாக இருக்கிறது என்று பொருள்.

அடுத்து ஈரம். இங்கேதான் பலர் தவறுவார்கள். மற்ற பொருள்களைப் போல 105 டிகிரியில் அடுப்பில் வைத்தால் ஜிப்சத்தின் படிக நீரே, அதாவது படிகத்துக்குள் கட்டுண்ட தண்ணீரே, போகத் தொடங்கிவிடும். பிறகு அந்த எடைக் கணக்கு எதற்கும் உதவாது. 40 முதல் 45 டிகிரிக்குள், எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்த வேண்டும்.

அப்படி உலர்ந்ததில் 10 கிராம் எடுத்து 230 டிகிரியில் சூடாக்கி எடை இழப்பைப் பாருங்கள். சுத்த ஜிப்சத்தில் படிக நீர் 20.9 சதவீதம். உங்கள் மாதிரி 1.9 கிராம் இழந்தால், 19-ஐ 20.9-ஆல் வகுத்து, ஏறக்குறைய 91 சதவீதம் ஜிப்சம் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆய்வகத்துக்குப் பணம் கட்டாமலே தூய்மை தெரிந்துவிடும்.

பாஸ்பேட், ஃபுளோரைடு, சோடியம், கரிமப் பொருள், ரேடியம் ஐந்தையும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில்தான் பார்க்க வேண்டும். பாஸ்பேட் கேட்கும்போது 'மொத்தம்' எவ்வளவு, 'நீரில் கரைவது' எவ்வளவு என்று தனித்தனியே கேளுங்கள். மொத்தம் மட்டும் தெரிந்து பயனில்லை. கரையாமல் கிடக்கும் பாறைத் துணுக்கில் உள்ள பாஸ்பேட் யாரையும் தொந்தரவு செய்வதில்லை.

படி 4: ஈரச் சல்லடை

பாஸ்போஜிப்சத்தில் மாசு எல்லாத் துகள்களிலும் சமமாகப் பரவியிருக்காது. அமிலத்தில் கரையாமல் தப்பித்த பாறைத் துணுக்குகள், மணல், கரிமத் துண்டுகள், அமிலத்தை உள்ளே பிடித்துக்கொண்டு கட்டிதட்டிப்போன படிகக் கொத்துகள் ஆகியவை பருமனான பகுதியில் சேரும். ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இந்த இயல்பை வைத்துத்தான் ஈரச் சல்லடை முறையை உருவாக்கியது. 300 மைக்ரான் சல்லடையில் குழம்பாக ஊற்றிச் சலித்து, மேலே தங்குவதை ஒதுக்கிவிட வேண்டும், அவ்வளவுதான். மலிவான முறை, பலனும் அதிகம்.

ஒரு பங்கு ஜிப்சத்துக்கு மூன்று அல்லது நான்கு பங்கு தண்ணீர் விட்டுக் கிளறி, கட்டிகள் உடைந்தபின் சலியுங்கள். உலர்ந்த நிலையில் சலிப்பது வீண். ஈரப்பசையில் சல்லடைக் கண் அடைத்துக்கொள்ளும், கட்டியும் உடையாது.

கிளறும்போது கறுப்பாகவோ பழுப்பாகவோ நுரை மிதந்தால் அது கரிமப் பொருள். அப்படியே வழித்து எடுத்துவிடுங்கள். பெரிய ஆலைகளில் இதற்கென்றே நுரை மிதப்பு இயந்திரம் வைக்கிறார்கள், சிறு அளவுக்கு ஒரு தட்டைக் கரண்டி போதும்.

சல்லடையில் தங்கியதை உலர்த்தி எடை போட்டுக் குறித்து வையுங்கள். இந்த அளவு திடீரென்று கூடினால் ஆலையில் பாறை சரியாகக் கரையவில்லை அல்லது பாறை மாறிவிட்டது என்று அர்த்தம்.

படி 5: கழுவுதல், எத்தனை முறை?

அரிசி களைவதைப் போல, தண்ணீர் தெளியும்வரை கழுவிக்கொண்டே இருக்கலாம் என்று நினைப்பது இயல்பு. கணக்கு வேறு மாதிரி சொல்கிறது.

வடிகட்டிய ஜிப்சத்தில் கால்பங்கு ஈரம் தங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு டன் உலர்ந்த ஜிப்சத்தோடு சுமார் 330 லிட்டர் அமில நீர் ஒட்டியிருக்கும். அதில் 4000 லிட்டர் நல்ல தண்ணீர் விட்டுக் கிளறி மறுபடி வடித்தால், ஒட்டியிருக்கும் நீரின் அமிலம் ஏறக்குறைய 13-ல் ஒரு பங்காகிவிடும். இன்னொரு முறை கழுவினால் 169-ல் ஒரு பங்கு. ஆக, மேற்பரப்பில் ஒட்டிய அமிலத்தைப் பொறுத்தவரை இரண்டு கழுவலிலேயே வேலை முடிந்தது. அதற்கப்புறமும் பி.எச். ஏறவில்லை என்றால், படிகங்களின் இடுக்கிலிருந்தும் உள்ளிருந்தும் அமிலம் மெல்லக் கசிகிறது என்று பொருள். மூன்றாவது, நான்காவது கழுவலால் அது தீராது. சுண்ணாம்பை எடுக்க வேண்டிய நேரம் அது.

அதிகம் கழுவினால் நட்டமும் உண்டு. ஜிப்சம் லிட்டருக்கு சுமார் 2.4 கிராம் கரையும். 4000 லிட்டர் தண்ணீர் போனால் கிட்டத்தட்ட 10 கிலோ ஜிப்சமும் சேர்ந்து போகும். இதைத் தவிர்க்க எதிரோட்ட முறை இருக்கிறது. இரண்டாம் கழுவலில் வந்த நீரை அடுத்த சரக்கின் முதல் கழுவலுக்குப் பயன்படுத்துவது. அந்த நீர் ஏற்கெனவே ஜிப்சத்தால் நிறைந்திருப்பதால் புதிதாகக் கரைக்காது. தண்ணீர்த் தேவையும் பாதியாகும்.

தூத்துக்குடி போன்ற இடங்களில் இதில் ஒரு சிக்கல். ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பு. கடல்நீரைக் கேட்கவே வேண்டாம். உவர்நீரில் கழுவினால் பாஸ்பேட் போய் அதன் இடத்தில் குளோரைடும் சோடியமும் வந்து உட்காரும். அந்தப் பிளாஸ்டர் சுவரில் உப்புப் பூக்கும், உள்ளே உள்ள ஆணியும் கம்பியும் துருப்பிடிக்கும். கடைசிக் கழுவலாவது நல்ல தண்ணீரில் இருக்க வேண்டும். நல்ல தண்ணீரே கிடைக்காத இடமென்றால், கழுவாத வழியைப் பற்றி யோசிப்பது மேல். அதைத்தான் அடுத்துச் சொல்லப் போகிறேன்.

படி 6: சுண்ணாம்பு

என்னைக் கேட்டால், மொத்த வேலையிலும் இதுதான் உயிர்நாடி. நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துச் சுண்ணாம்புப் பாலாக ஊற்றிக் கிளறும்போது, கரையும் பாஸ்பேட் கரையாத கால்சியம் பாஸ்பேட்டாகவும், ஃபுளோரைடு கரையாத கால்சியம் ஃபுளோரைடாகவும் மாறிவிடுகின்றன. அவை ஜிப்சத்தை விட்டு எங்கும் போகவில்லை, ஆனால் கெடுதல் செய்யும் சக்தியை இழந்துவிட்டன. சிமென்டில் கிளிங்கரின் மேல் படியவேண்டிய படலத்தை, முன்கூட்டியே தனியாகப் படியவைத்துவிடுகிறோம்.

எவ்வளவு சுண்ணாம்பு? கரையும் பாஸ்பரஸ் பென்டாக்சைடு 0.3 சதவீதம் என்றால் டன்னுக்கு 3 கிலோ. அதை முழுதாக முடக்க வேதியியல் கணக்குப்படி சுமார் 4.7 கிலோ சுத்தமான நீற்றிய சுண்ணாம்பு வேண்டும். ஃபுளோரைடுக்கும் மீதிக் கந்தக அமிலத்துக்கும் கொஞ்சம் கூடும். கடையில் கிடைக்கும் சுண்ணாம்பு முழுத் தூய்மையில் இருக்காது, காற்றுப்பட்டுப் பாதி செத்ததும் இருக்கும். அதனால் காகிதக் கணக்கோடு நிற்காமல் வாளிச் சோதனை செய்துவிடுங்கள்.

நான்கு வாளிகள், ஒவ்வொன்றிலும் 1 கிலோ ஜிப்சம், 3 லிட்டர் தண்ணீர். சுண்ணாம்பு முறையே 2.5, 5, 7.5, 10 கிராம். அரை மணி நேரம் கிளறிப் பி.எச். குறியுங்கள். பிறகு மூடி வைத்து 24 மணி நேரம் கழித்து மறுபடி குறியுங்கள். இந்த இரண்டாவது எண்தான் உண்மையான எண். முதல் நாள் 8 காட்டிய வாளி மறுநாள் 5.5-க்கு இறங்கியிருக்கலாம். இடுக்கில் இருந்த அமிலம் ராத்திரி முழுக்கக் கசிந்திருக்கிறது. மறுநாளும் பிளாஸ்டருக்கு 7 முதல் 8 வரையிலும், சிமென்டுக்கு 8-ஐ ஒட்டியோ சற்று மேலேயோ நிற்கும் அளவைத் தேர்ந்தெடுங்கள். அளவுக்கு மீறிப் போட்டால் பிளாஸ்டரின் வலிமை குறையும், போர்டில் காகிதம் சரியாக ஒட்டாது.

சுண்ணாம்பு விலை அதிகம் என்று யாராவது சலவை சோடாவோ காஸ்டிக் சோடாவோ பரிந்துரைத்தால் காதில் வாங்காதீர்கள். பி.எச். ஏறும், ஆனால் பாஸ்பேட் கரைந்தபடியேதான் இருக்கும், கூடவே சோடியமும் சேரும்.

சிமென்டுக்கு மட்டும் என்றால் கழுவாமலே, ஈரமான ஜிப்சத்தில் சுண்ணாம்புத் தூளைக் கலந்து, சில நாள் குவித்து வைத்து, இடையிடையே புரட்டிவிட்டாலே பெரும்பாலும் போதும். தண்ணீரே செலவில்லை, கழிவுநீரும் இல்லை. சாம்பல் செங்கலுக்கும் அப்படியே. ஆனால் சோடியத்தைச் சுண்ணாம்பு தொடாது. ஆய்வக அறிக்கையில் சோடியம் கூடுதலாக இருந்து, உங்கள் பொருள் பிளாஸ்டராகவும் இருந்தால், கழுவுவதைத் தவிர வழியில்லை.

படி 7: வடித்தல், உலர்த்துதல்

டன் கணக்கு என்றால் பில்டர் பிரஸ் அல்லது சுழற்றி வடிக்கும் இயந்திரம். சோதனை அளவுக்கு மணல் படுகையின் மேல் கெட்டியான கேன்வாஸ் துணி விரித்து ஊற்றினால் போதும்.

சிமென்டுக்குப் போவதை வெயிலில் காயவைக்கலாம். உப்பளம் காய்கிற ஊரில் வெயிலுக்கா பஞ்சம். சிமென்ட் தரையில் அரை அடிக்கு மிகாமல் பரப்பி, தினமும் புரட்டிவிடுங்கள். ஈரம் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஆலையின் தொட்டிவாயில் ஒட்டிக்கொண்டு இறங்காது. நல்ல சரக்கு திருப்பி அனுப்பப்படுவதற்கு வேதியியலைவிட இந்த ஒட்டல்தான் அடிக்கடி காரணமாகிறது. சிலர் இதற்காகவே உருண்டையாகத் தட்டித் தருகிறார்கள்.

படி 8: பிளாஸ்டருக்கு வறுத்தல்

டைஹைட்ரேட்டை 140 முதல் 160 டிகிரியில் வறுத்தால் படிக நீரில் முக்கால் பங்கு போய் ஹெமிஹைட்ரேட் ஆகும். நாம் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்று வாங்குவது அதுதான். வறுக்கும் கொப்பரையில் உலர்ந்த தூளே கொதிப்பதைப் போலத் தளதளக்கும், நீராவி வெளியேறுவதால். அது அடங்கும் நேரம்தான் இறக்கும் நேரம். எடையை வைத்தும் கணிக்கலாம். சுத்த ஜிப்சம் முழுதாக ஹெமிஹைட்ரேட் ஆனால் எடையில் 15.7 சதவீதம் குறையும். 100 கிலோ உலர் ஜிப்சம் 84 கிலோவுக்கு வந்தால் சரி. உங்கள் தூய்மை 91 சதவீதம் என்றால் இழப்பும் அதே விகிதத்தில் 14.3 ஆகும். இழப்பு அதைத் தாண்டினால் அதிகம் வறுத்துவிட்டீர்கள், படிக நீரே இல்லாத அன்ஹைட்ரைட் சேர்ந்திருக்கிறது. கொஞ்சமாக இருந்தால் ஓரிரு நாள் தொட்டியில் ஆறவிட்டால் காற்றின் ஈரத்தை வாங்கிச் சரியாகும்.

நடுநிலையாக்காத சரக்கை ஒருபோதும் வறுக்காதீர்கள். ஃபுளோரின் கலந்த அமிலப் புகை கிளம்பும், கொப்பரையையும் அரிக்கும், ஆளையும் அரிக்கும்.

படிகத்துக்குள் கோத்துக்கொண்ட பாஸ்பேட் வெளியே வருவது இந்தக் கட்டத்தில்தான். வறுத்த தூளில் தண்ணீர் விட்டதும் பழைய படிகம் கரைந்து புதுப் படிகம் உண்டாகிறது. அப்போது உள்ளே இருந்த பாஸ்பேட் விடுதலையாகி, நன்றாக நடுநிலையாக்கிய சரக்கும் திடீரென்று புளிப்பாகி, இறுகத் தாமதிக்கும். "எல்லாம் சரியாகத்தானே செய்தேன்" என்று திகைக்க வைக்கும் இடம். தீர்வு எளிது: வறுத்த தூளிலும் மிகக் கொஞ்சம், ஆயிரத்தில் ஓரிரு பங்கு அளவில், நீற்றிய சுண்ணாம்பு கலந்து மறுபடி இறுகும் நேரம் பாருங்கள்.

இன்னொரு வழி, 800 டிகிரி வரை சுடுவது. அந்த வெப்பத்தில் கரிமப் பொருள் எரிந்துபோகும், உள்ளிருக்கும் பாஸ்பேட் தீங்கற்ற கால்சியம் பைரோபாஸ்பேட்டாக மாறும். கிடைப்பது அன்ஹைட்ரைட், அதை இறுகவைக்க வேதி ஊக்கி சேர்க்க வேண்டும். எரிபொருள் செலவைப் பார்த்தால் சிறு தொழிலுக்கு இது ஒத்துவராது.

படி 9: ரேடியம்

எந்தக் கழுவலும் சுண்ணாம்பும் சூளையும் ரேடியத்தை எடுக்காது. பாறையில் இருந்த யுரேனியத்தின் பெரும்பகுதி அமிலத்தோடு போய்விடுகிறது. ரேடியம் மட்டும் கால்சியத்தைப் போலவே நடந்துகொண்டு சல்பேட்டாக ஜிப்சத்தோடு தங்கிவிடுகிறது. ரேடியம் சல்பேட் தண்ணீரில் கிட்டத்தட்டக் கரையவே கரையாது. சில சரக்குகளில் அது மிக நுண்ணிய துகள்களில் அதிகம் சேர்ந்திருப்பதால், சேறுபோல மிதக்கும் நுண்பகுதியைத் தெளியவிடாமல் ஊற்றிவிட்டால் ஓரளவு குறையும். நம்பி இறங்கக்கூடிய முறை இல்லை. தேர்ந்தெடுப்பதும் அளப்பதும்தான் வழி.

இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் 2009-ம் ஆண்டு உத்தரவுப்படி, கட்டுமானப் பொருளுக்கு விற்கும் பாஸ்போஜிப்சத்தில் ரேடியம்-226 கிராமுக்கு 1 பெக்கரலுக்குள் (பெக்கரல் கதிரியக்கத்தை அளக்கும் அலகு) இருக்க வேண்டும். கூடினால் வேறு பொருள் கலந்து அந்த அளவுக்குக் கொண்டுவர வேண்டும். பலகை, பிளாக் ஆகியவற்றுக்குப் பரப்பளவை வைத்துத் தனி வரம்பும் உண்டு. அமெரிக்கா இதில் மிகக் கண்டிப்பு. அங்கே வீட்டுக்குள் பயன்படுத்த அனுமதியே இல்லாததால் ஃபுளோரிடாவில் மட்டும் சுமார் 100 கோடி டன் குவிந்து கிடக்கிறது. சீனாவின் குய்சோ மாகாணம் 2018-ல் வேறு திசையில் போனது: எவ்வளவு கழிவைப் பயன்படுத்துகிறாயோ அந்த அளவுக்கே உற்பத்தி செய் என்று ஆலைகளுக்குக் கட்டுப்பாடு.

ஆய்வகத்தில் காமா நிறமாலை முறையில் அளப்பார்கள். மாதிரியைக் காற்றுப் புகாமல் மூடி மூன்று, நான்கு வாரம் வைத்த பிறகே அளக்க வேண்டும். ரேடியத்திலிருந்து உண்டாகும் ரேடான் வாயுவின் அரைவாழ்வு 3.8 நாள், அது உள்ளேயே நிறைந்து சமநிலைக்கு வர அவ்வளவு காலம் ஆகும். 'நாளைக்கே ரிப்போர்ட் தருகிறேன்' என்று சொல்லும் இடத்தை நம்ப வேண்டாம். சாம்பலைக் கலந்து ரேடியத்தைக் குறைக்க நினைத்தால், சாம்பலிலும் கொஞ்சம் ரேடியம் இருக்கும் என்பதை மறக்காமல் அதையும் அளந்துகொள்ளுங்கள்.

படி 10: கழுவிய நீர்

இதை ஓடையிலோ ஊருணியிலோ விடக்கூடாது. இரண்டு கட்டமாகச் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். முதலில் பி.எச். 5, 6 அளவுக்கு ஏற்றினால் ஃபுளோரைடின் பெரும்பகுதி படியும். தெளிந்த நீரை அடுத்த தொட்டிக்கு மாற்றி 9-க்கு மேல் ஏற்றினால் பாஸ்பேட் படியும். தெளிந்ததைத் திரும்பக் கழுவலுக்கே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் சுற்றிச் சுற்றி வரும்போது சோடியம் ஏறிக்கொண்டே போகும், அவ்வப்போது உப்பளவைப் பார்த்து ஒரு பகுதியை மாற்ற வேண்டும். அடியில் தங்கும் கசடையும் சல்லடைக் கழிவையும் எங்கே ஒப்படைப்பது என்பதை வாரிய இசைவு வாங்கும்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

படி 11: விற்பதற்கு முன்

சிமென்டுக்கு என்றால், ஒரே கிளிங்கரை ஒரு பாதி இயற்கை ஜிப்சத்தோடும் மறுபாதி உங்கள் ஜிப்சத்தோடும் அரைத்து, ஐ.எஸ். 4031 முறையில் இறுகும் நேரத்தையும் 3, 7, 28 நாள் வலிமையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாங்குபவரை இதைப்போல வேறெதுவும் சமாதானப்படுத்தாது. பிளாஸ்டருக்குச் சோதனை முறைகள் ஐ.எஸ். 2542-லும், தரம் ஐ.எஸ். 2547-லும், தடுப்புச் சுவர் பிளாக்குக்கு ஐ.எஸ். 2849-லும் இருக்கின்றன.

உப்புப் பூக்கிறதா என்று பார்க்க ஒரு சிறு பிளாக் வார்த்து, அடிப்பகுதி மட்டும் தண்ணீரில் நிற்கும்படி வைத்து, தண்ணீர் முழுதும் உறிஞ்சப்பட்டு மேலே காயும்வரை விடுங்கள். வெள்ளைப் பஞ்சுபோல மேலே எழும்பினால் இன்னொரு கழுவல் பாக்கியிருக்கிறது.

இந்தப் பொருளால் வீடே கட்டலாமா? கட்டலாம், கட்டியும் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 'ரேப்பிட்வால்' என்ற பெயரில் தொடங்கிய கண்ணாடி இழை கலந்த ஜிப்சம் பலகைகளைக் கொச்சியில் ஃபேக்ட், ஆர்.சி.எஃப். என்ற இரண்டு உர நிறுவனங்களும் கூட்டாக நடத்திய ஆலை பாஸ்போஜிப்சத்திலிருந்து செய்தது. 12 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம், 124 மில்லிமீட்டர் தடிமன், நடுவே வெற்றறைகள். அந்த அறைகளில் கம்பியும் கான்கிரீட்டும் போட்டால் சுமை தாங்கும் சுவராகிவிடும். சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் இதைக் கொண்டு இரண்டு மாடி மாதிரிக் கட்டடமே எழுப்பியிருக்கிறார்கள்.

பயன்படுத்துபவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகளை ரசீதோடு சேர்த்தே கொடுத்துவிடுங்கள். ஜிப்சம் தண்ணீரில் கரையும் பொருள், குளியலறைச் சுவருக்கும் மழைச் சாரல் அடிக்கும் வெளிச்சுவருக்கும் தகுந்த பாதுகாப்பு இல்லாமல் வேண்டாம். இரண்டாவது, பிளாஸ்டர் கெட்டியாக இருக்கட்டும் என்று சில கொத்தனார்கள் ஒரு கரண்டி சிமென்ட் கலப்பார்கள். அப்போதைக்குக் கெட்டியாகத்தான் இருக்கும். ஈரம் பட்டதும் ஜிப்சமும் சிமென்டும் சேர்ந்து எட்ரிங்கைட் என்ற பருத்த படிகம் உள்ளே வளர்ந்து பூச்சு உப்பி வெடிக்கும். பழி வந்து விழுவது சரக்கு கொடுத்த உங்கள் மேல். அதனால் ஒவ்வொரு சரக்கின் பி.எச்., சுண்ணாம்பு அளவு, இறுகும் நேரம், ரேடியம் அறிக்கை நான்கையும் சரக்கு எண்ணோடு எழுதி, அதிலிருந்து ஒரு கிலோ மாதிரியை ஒரு வருடமாவது மூடி வையுங்கள்.